கன்னியாஸ்திரிகள் இல்லாத மடம்

எசன்,
22.02.2004, ஞாயிறு.

சங்கைக்குரிய அருட்சகோதரி இம்மாக்குலேற்றா அவர்களுக்கு, அதாவது என் அன்புக்குரிய பெரியக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் டொறத்தியும் இங்கே நல்ல சுகம். மன்னாரில் நீங்களும் உங்கள் மடத்துச் சகோதரிகளும் சுகமாக இருக்கவும், உங்கள் முழங்கால் நோ குறையவும் தினமும் மன்றாடுகிறோம். நீங்கள் அனுப்பிய மாதா படமும் தின்னப் பனங்கிழங்குப் புழுக்கொடியலும் பத்திரமாக வந்து சேர்ந்தன. படத்தைச் சுவரில் மாட்டியாயிற்று. புழுக்கொடியலைப் பற்றி எழுத ஒன்றும் மிச்சமில்லை. இங்கே குளிர் போனபாடில்லை. இன்றைக்குக் கார்னிவல் ஞாயிறு ஆகையால் வெளியே ஜேர்மன்காரர் கரடி வேசமும் கடற்கொள்ளைக்காரர் வேசமும் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் பாடித் திரிகிறார்கள். வருகிற புதன்கிழமை விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கினால் நீங்கள் கோபப்பட மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில், கடிதம் உங்கள் கைக்குத் தவக்காலத்தில் கிடைக்கும்படியாக இன்றைக்கு எழுதுகிறேன்.

ஆனி மாதம் உங்கள் சபைக் கூட்டத்துக்கு உரோமாபுரிக்கு வருவதாகவும், அப்படியே ஜேர்மனிக்கும் வந்து, எங்கள் பிள்ளை டெல்சி படிக்கிற மடத்தில் மூன்று நாள் தங்கி, அங்கேயுள்ள மதரோடு உங்களுக்குத் தெரிந்த பிரெஞ்சில் கதைத்துப் பார்க்க ஆசை என்றும் எழுதியிருந்தீர்கள். வாசித்து மெத்தச் சந்தோசப்பட்டோம். இதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது அக்கா. அந்த மடத்தில் மதர் இல்லை. மதர் மட்டுமல்ல, சிஸ்டர்மாரும் இல்லை. சரியாகச் சொல்லப்போனால் அது மடமே இல்லை.

இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். முழுவதையும் வாசித்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். எங்கள் குடும்பத்தில் நீங்கள் சொன்ன சொல்லுக்கு மேல் ஒருவரும் மறுசொல் சொன்னதில்லை. 'பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா' என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்துதான் ஆகவேண்டும். அந்த ஒரு வரியை எழுதிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். நான் ஒருமுறை அப்படிக் கூட்டிக்கொண்டு வரப் போய், வெறும் வான் வண்டியோடு திரும்பி வந்தவன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விசயம் இப்படித்தான் தொடங்கியது. டெல்சி போன வருடம் பள்ளிக்கூடப் படிப்பை நல்ல புள்ளிகளோடு முடித்தாள் என்று எழுதியிருந்தேன். அந்தப் புள்ளிகளுக்கு மருத்துவம் படிப்பாள், அது இல்லையென்றால் வங்கியில் ஒரு தொழிற்பயிற்சியாவது செய்வாள் என்று நான் மனக்கணக்குப் போட்டிருந்தேன். அவளோ ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஹார்ஸ் மலைப் பக்கம் ஒரு சிற்றூரில் ஒரு சின்னக் கல்லூரியாம். மொத்தமே அறுபது பிள்ளைகளாம். எல்லோரும் அங்கேயே தங்கித்தான் படிக்க வேண்டுமாம். இவளுக்கு இடமும் கிடைத்து உதவித்தொகையும் கிடைத்துவிட்டதாம். "என்ன படிப்பு?" என்று கேட்டேன். "எல்லாம்" என்றாள். எல்லாம் என்றால்? வானத்து நட்சத்திரம், பழைய கிரேக்கம், சங்கீதம், கணக்கு, படம் கீறுவது, அரசியல், அதோடு மரவேலை. "இதுகளைப் படிச்சு முடிச்சால் என்ன வேலை கிடைக்கும்?" என்றேன். "அதையும் அங்கைதான் கண்டுபிடிக்க வேணும் அப்பா" என்றாள். எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது.

அப்போதுதான் அந்தப் புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்தேன். பழைய கல்லுக் கட்டடம், மணிக்கூண்டு, அதன் மேலே சிலுவை, நடுவில் முற்றம், முற்றத்தில் நீளக் கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண்மணி. எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. தங்கிப் படிப்பது என்றால் போர்டிங். சிலுவை இருந்தால் கன்னியர் மடம். நீங்கள் இருபது வருடம் நடத்தினீர்களே, அதே மாதிரியான போர்டிங். ஆறு மணிக்கு வாசற்கதவு பூட்டு, ஏழு மணிக்குச் செபமாலை, ஒன்பது மணிக்கு விளக்கு அணைப்பு. பிள்ளை நட்சத்திரத்தைப் படித்தால் என்ன, மரவேலையைப் படித்தால் என்ன, சிஸ்டர்மாருடைய கண்ணுக்குள் இருக்கிறாள்தானே. நான் கேட்ட ஒரே கேள்வி, "அங்கை மணி அடிப்பினமோ?" என்பதுதான். "ஓம் அப்பா, வகுப்புக்கும் அடிப்பினம், சாப்பாட்டுக்கும் அடிப்பினம்" என்றாள். அத்தோடு சம்மதம் சொல்லிவிட்டேன்.

ஐப்பசி மாதம் பிள்ளையைக் கொண்டுபோய் விட நான் போகவில்லை. நான் வேலை செய்கிற தபால் பொதி பிரிக்கும் நிலையத்தில் எனக்கு லீவு தரவில்லை, டொறத்திதான் ரெயிலில் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்து, "நல்ல அமைதியான இடம். கோப்பை பீங்கானெல்லாம் பிள்ளையளே கழுவுதுகள்" என்றாள். நான் மனம் குளிர்ந்துபோய் உங்களுக்கு அந்தக் கிழமையே எழுதினேன். நீங்களும் பதில் போட்டீர்கள், பிள்ளைக்குத் தேவ அழைத்தல் இருக்கிறதோ என்னவோ, மடத்தில் எல்லோரும் நவநாள் செபம் சொல்கிறோம் என்று. தமிழ்ப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் நான் எல்லோருக்கும் சொன்னேன், "மகள் கன்னியர் மடத்திலை இருந்து படிக்கிறா" என்று. எங்களோடு பாடகர் குழாமில் பாடுகிற சந்திரகாந்தி அக்கா, தன் தங்கைக்கு இங்கே வர விசா கிடைக்க வேண்டும் என்று அந்தச் சிஸ்டர்மாரிடம் செபிக்கச் சொல்லும்படி ஒரு துண்டு எழுதித் தந்தா. நான் அதைத் தபாலில் டெல்சிக்கு அனுப்பினேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

தை மாதம், மூன்று இராசாக்கள் திருநாள் கழிந்து, எனக்கு ஒரு சனிக்கிழமை ஓய்வு கிடைத்தது. டொறத்தி கிறிஸ்மசுக்கு அடித்த றிச் கேக்கில் மிஞ்சியதை நல்ல தாளில் சுற்றி, மேலே 'மதர் அவர்களுக்கு' என்று எழுதி எடுத்துக்கொண்டு, பிள்ளைக்குச் சொல்லாமல் ரெயில் ஏறினேன். டொறத்தி அன்றைக்கு என்னை மறிக்கப் பார்த்தவள், வயிற்றுக்கோளாறு என்றாள், பனி என்றாள். நான் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்தேன். மணிக்கூண்டு இருந்தது, சிலுவை இருந்தது, வாசற்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே போய் முதல் கதவைத் தட்டினேன். துவாயைச் சுற்றிக்கொண்டு, தலையில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பெடியன் வந்து திறந்தான். கன்னியர் மடத்தில், அக்கா, இடுப்பில் ஒரு துவாயோடு.

குழாய் திருத்த வந்தவனாக இருக்கும், நனைந்துபோனான் என்று முதலில் நினைத்தேன். "மதர் எங்கே?" என்று ஜேர்மனில் கேட்டேன். அவன் மிகவும் மரியாதையாக, "கிராக்கோவில் இருக்கிறா, அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறா, சுகமாக இருக்கிறா" என்றான். தன் தாயைப் பற்றிச் சொல்கிறான். போலந்துப் பெடியன், பெயர் மாத்தேயுஸ். அந்த நேரம் எதிர் அறையில் இருந்து, கையில் இறப்பர் உறையும் கக்கூஸ் தும்புத்தடியுமாக என் மகள் வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால், அதே மாதிரித் தும்புத்தடியோடு, தலை நரைத்த ஒரு மனிதர் வந்தார். அவர் கணக்குப் பேராசிரியராம். அந்தக் கிழமை கக்கூஸ் கழுவும் முறை அவர்கள் இரண்டு பேருக்கும் வந்திருந்ததாம்.

"அப்பா, சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறியள்?" என்றாள்.

"சிஸ்டர்மார் எங்கை?" என்றேன்.

"எந்தச் சிஸ்டர்மார்?"

"இது கன்னியர் மடந்தானே?"

"ஓம், மடமாய் இருந்தது. அவை இருநூறு வருசத்துக்கு முந்தியே போயிட்டினம் அப்பா."

"நீ எனக்குச் சொல்லேல்லை."

"நீங்கள் கேட்கேல்லை. மணி அடிப்பினமோ எண்டு மட்டும்தான் கேட்டனீங்கள்."

கையில் இருந்த கேக்கை யாரிடமாவது கொடுக்க வேண்டுமே, துவாய்ப் பெடியனிடம் கொடுத்தேன். அவன் 'மதர் அவர்களுக்கு' என்று எழுதியிருந்த தாளைப் பிரித்து, அங்கேயே வெட்ட, பெடியனும் பெட்டையுமாகப் பத்துப் பதினைந்து பேர் எங்கெங்கிருந்தோ ஓடிவந்து, நான் சப்பாத்து லேசைக் கட்டி நிமிர்வதற்குள் கேக் முடிந்துவிட்டது. பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும் ஒரே நடைபாதையில் அடுத்தடுத்த அறைகளில் இருக்கிறார்கள், ஒரே குசினியில் சமைக்கிறார்கள், பாலாடைக்கட்டி எந்த வகை வாங்குவது என்பதற்கும் அறுபது பேரும் கூடிக் கையுயர்த்தி வாக்கெடுக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு அடுத்த ரெயிலில் வீட்டுக்கு வந்துவிட்டேன். பிள்ளையை அங்கே வைத்திருக்க முடியாது என்று ரெயிலிலேயே முடிவு கட்டிவிட்டேன். கோயிலில் சந்திரகாந்தி அக்கா எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்தேன். அவவோ என்னைத் துரத்திப் பிடித்து, தங்கைக்கு விசா கிடைத்துவிட்டது, அந்தச் சிஸ்டர்மாருடைய செபம்தான் என்று என் இரண்டு கைகளையும் பிடித்து அழுகிறா.

இந்த விசயத்தை நான் சொன்னது ஒரே ஒரு ஆளுக்குத்தான். புவனேந்திரனை உங்களுக்குத் தெரியாது. எசனில் தமிழ்க் கடை வைத்திருக்கிறான், சைவ சமயக்காரன், நான் இங்கே வந்த நாள் தொட்டு என் சிநேகிதன். அவனிடம் ஒரு வான் இருக்கிறது. கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அவன் சரி என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. "எத்தினை பெட்டி வரும்?" என்று மட்டும் கேட்டான். போன கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, இரண்டு பேருமாக, கருவாடும் கறித்தூளும் மணக்கிற அந்த வானில் ஹார்ஸ் மலைப் பக்கம் வெளிக்கிட்டோம். வழிநெடுக நான் என் மகளுக்குச் சொல்லவேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். மூன்று வசனம்தான்.

போனால், பிள்ளை வகுப்புக்குப் போக நிற்கிறாள். "சனிக்கிழமை வகுப்புக்கு ஆரும் வந்து இருக்கலாம் அப்பா. வாங்கோ, மாமாவும் வாங்கோ" என்று எங்கள் இரண்டு பேரையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருத்திவிட்டாள். மூன்று வசனத்துக்கும் இடமே கிடைக்கவில்லை. நீளமான ஒரு மேசை, சுற்றிவர ஒரு பன்னிரண்டு பேர். லிண்டமான் என்ற பேராசிரியை அம்மையாரும் அவர்களுக்கு நடுவில் ஒரு ஆளாக இருக்கிறா. படத்தில் முற்றத்தில் நடந்த கன்னியாஸ்திரி இவதான். அது அங்கி இல்லை, மழைக்கோட்டு. இந்த அம்மா படிப்பிக்கவில்லை, அக்கா. "நட்பு என்றால் என்ன?" என்று ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிட்டா. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது, அது அங்கே சட்டம். பேச ஒருவருக்கும் ஒன்றும் இல்லையென்றால் எல்லோரும் சும்மா இருப்பார்கள். அதையும் வகுப்பு என்றுதான் சொல்கிறார்கள்.

சும்மா இருப்பது புவனேந்திரனுக்கு ஆகாது. கடையில் ஒரு ஆள் வந்து பேசாமல் நின்றால் "என்ன தம்பி, நெத்தலியோ?" என்றாவது கேட்காமல் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. மேசையைச் சுற்றி எல்லோரும் அமைதியாக இருந்த அந்த நேரத்தில் அவன் கையைத் தூக்கிவிட்டான். முதல் இரண்டு வசனம் ஜேர்மனில் போனது. மூன்றாவது வசனத்தில் ஜேர்மன் தீர்ந்துபோய்த் தமிழில் இறங்கினான். "நட்பு எண்டால் என்னெண்டு எனக்கு நல்லாய் விளங்கும். இண்டைக்குச் சனிக்கிழமை, கடையிலை சனம் நிறையிற நாள். பூட்டிப்போட்டு வந்திருக்கிறன். ஏன்? இவன்ரை மகளைப் பெட்டி படுக்கையோடை வீட்டை ஏத்திக்கொண்டு போறதுக்கு. கேட்டவன், வந்தனான். இதுதான் நட்பு."

எல்லோரும் டெல்சியைப் பார்த்தார்கள், மொழிபெயர்க்கச் சொல்லி. டெல்சி என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது, அக்கா. நாங்கள் சும்மா பார்க்க வந்திருக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தாள். அவள் ஏதாவது மழுப்பிச் சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லும் குறைக்காமல், பெட்டி படுக்கை உட்பட, அப்படியே ஜேர்மனில் சொன்னாள். "இவருடைய மகள்" என்ற இடத்தில் மட்டும் "அது நான்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள்.

துவாய்ப் பெடியன் கையை உயர்த்தினான். அன்றைக்கு முழு உடுப்போடு இருந்தான். "சிநேகிதன் செய்யச் சொல்வது பிழை என்று தெரிந்தாலும் உதவத்தான் வேண்டுமா? அதுவும் நட்பா?" என்று புவனேந்திரனைக் கேட்டான். டெல்சி தமிழில் சொன்னாள். புவனேந்திரன் தலையைச் சொறிந்தான். என்னைப் பார்க்காமல் சொன்னான், "பிழைதான். எனக்கு வெளிக்கிடேக்கையே தெரியும். நான் வானைக் குடுக்காட்டி இவன் ரெயிலிலை வந்து பெட்டியைத் தலையிலை வைச்சுக்கொண்டு போயிருப்பான். பிழை விடப் போறவனைத் தனிய விடலாமோ?" அதையும் டெல்சி ஜேர்மனில் சொன்னாள். மூக்குத்தி போட்ட ஒரு ஜேர்மன் பிள்ளை, கூடப் போனால் பிழையில் பங்கெடுத்ததாகும், மறித்திருக்க வேண்டும் என்றாள். புவனேந்திரன் கொஞ்சம் யோசித்து, "அதுவும் சரிதான் தங்கச்சி" என்று ஒத்துக்கொண்டான். என்னுடைய பக்கத்தில் நிற்பதற்கென்று கூட்டிக்கொண்டு போன ஒரே ஆளும் இப்படிப் போய்விட்டான்.

பிறகு லிண்டமான் அம்மையார் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஏதாவது சொல்ல விருப்பமா? கட்டாயமில்லை" என்றா. என் ஜேர்மனைப் பற்றி உங்களுக்கு எழுதியதில்லை. அது பொதி பிரிக்கும் நிலையத்தில் கற்ற ஜேர்மன். இடது, வலது, பாரம், உடையும், கவனம், நாளைக்குக் காலை. இதை வைத்துக்கொண்டு மகளைப் பற்றி என்ன பேசுவது? ஆனாலும் பேசினேன். சொல் வராமல் நான் நின்ற இடத்திலெல்லாம் அவர்களும் நின்றார்கள். ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை, மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் சுருக்கிச் சொல்லுங்கள், முன்கூட்டி நேரம் எடுத்தீர்களா, எந்தப் படிவம் என்று பாதியிலேயே மறித்துவிடுவார்கள். நான் ஒரு வசனத்தை முடிக்கும் வரை இத்தனை பேர் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

நான் சொன்னது இதுதான். பெடியன்மாருக்குப் பயந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். அது உண்மையில்லை. இங்கே எல்லோரும் கேள்வி கேட்கிறீர்கள். என் வீட்டில் கேள்வி இல்லை, நான் சொல்வேன், மற்றவர்கள் கேட்பார்கள். இவள் இங்கிருந்து நாலு கேள்வியோடு வீட்டுக்கு வந்தால் எனக்கு மறுமொழி தெரியாது. அதற்குப் பிறகு என்னோடு கதைக்க இவளுக்கு ஒன்றும் இருக்காது. அந்தப் பயத்தில்தான் வந்தேன்.

டெல்சி தமிழில் சொன்னாள், "அப்பா, சின்னனிலை இருந்து நான் என்ன கேட்டாலும் 'போய்ப் படி' எண்டுதான் சொல்லுவியள். இண்டைக்குத்தான் நீங்கள் என்னோடை கதைச்சிருக்கிறியள்." துவாய்ப் பெடியன் அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டான். "இது எங்கட வீட்டு விசயம்" என்று சொல்லி மறுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு மணி அடித்தது. சாப்பாடு பருப்பு சூப். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. புவனேந்திரன் ஓடிப்போய் வானில் இருந்து மிளகாய்த்தூளை எடுத்துவந்து எல்லோருடைய கோப்பையிலும் போட்டுவிட, மூக்குத்திப் பிள்ளை கண்ணீர் விட்டு அழுதாள், பிறகு இன்னொரு கோப்பை வாங்கினாள்.

பின்னேரம் வெளிக்கிடும்போது புவனேந்திரன் வானின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "எத்தினை பெட்டி?" என்று திரும்பவும் கேட்டான். "ஒண்டும் இல்லை, பூட்டு" என்றேன். பிள்ளை ஓடிவந்து ஒரு பெரிய மூட்டையை உள்ளே எறிந்தாள். ஊத்தை உடுப்பாம், அம்மா தோய்க்கட்டுமாம். நட்சத்திரமும் கிரேக்கமும் படிப்பிக்கிறவர்கள் அதை மட்டும் இன்னும் தொடங்கவில்லைப் போலிருக்கிறது. துவாய்ப் பெடியனும் எசன் வரைக்கும் எங்களோடு வானில் வந்தான், அங்கே இருந்துதான் அவனுடைய ஊருக்கு மலிவான பஸ். வழியில்தான் தெரிந்தது, நான் அனுப்பிய சந்திரகாந்தி அக்காவின் துண்டை டெல்சி இவனிடம் கொடுத்திருக்கிறாள், அங்கே செபமாலை சொல்லத் தெரிந்த ஆள் இவன் ஒருவன்தான் என்று. அந்தத் தங்கச்சிக்கு விசா கிடைக்க இரண்டு மாதம் ஒருநாள் தவறாமல் செபித்தானாம். கிடைத்துவிட்டது என்று சொன்னேன். வானுக்குள் எழும்பித் துள்ளித் தலையை முட்டிக்கொண்டான்.

அன்றையில் இருந்து டெல்சி பின்னேரங்களில் எனக்கு ரெலிபோன் எடுக்கிறாள். முன்னரெல்லாம் 'அம்மாட்டைக் குடுங்கோ' என்பவள், இப்போது ஒரு கேள்வி கேட்கிறாள். மறுமொழி தெரியாது என்றால், "பரவாயில்லை, யோசிச்சுச் சொல்லுங்கோ" என்கிறாள். நானும் வேலைக்குப் போய்ப் பொதிகளைப் பிரித்துக்கொண்டே யோசிக்கிறேன். பக்கத்தில் நிற்கிற துருக்கிக்காரனிடம் நட்பு என்றால் என்ன என்று கேட்டேன், திங்கட்கிழமை தன் வேலை நேரத்தை நான் எடுத்துக்கொண்டால் சொல்வதாகச் சொன்னான். தமிழ்ப் பூசைக்குப் பிறகு யாராவது மகள் என்ன படிக்கிறா என்று கேட்டால், "எல்லாம் படிக்கிறா, இன்னும் முடியேல்லை" என்கிறேன். உள்ளபடி சொன்னால் எனக்கு இப்போது மனம் நிறைந்திருக்கிறது அக்கா. இந்தப் பிள்ளை நல்ல இடத்தில்தான் இருக்கிறாள். அங்கே பழைய சிற்றாலயம் ஒன்றும் உண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பாடுகிறார்கள். விருந்தினர் அறையும் உண்டு, நீங்கள் வந்தால் தாராளமாகத் தங்கலாம், உங்களுக்கும் கக்கூஸ் முறை போடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். பிரெஞ்சு தெரிந்த பிள்ளைகள் நாலு பேர் இருக்கிறார்கள். மதர் ஒருவர்தான் இல்லை.

ஆகவே, என் மேல் என்ன கோபம் இருந்தாலும் அதை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை அங்கே இருக்க விடுங்கள். கூட்டிக்கொண்டு வா என்று மட்டும் எழுத வேண்டாம் என்று காலைத் தொட்டுக் கேட்கிறேன். மடத்துச் சகோதரிகள் எல்லோருக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள். நவநாளை நிறுத்த வேண்டாம், கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். முழங்காலுக்குத் தடவ இங்கத்தைக் களிம்பு ஒன்று வேறாக அனுப்புகிறேன். டொறத்தியும் டெல்சியும் உங்களை விசாரித்தார்கள்.

உங்கள் ஆசீர்வாதத்தையும் மறுமொழியையும் எதிர்பார்த்திருக்கும்,
கடைசித் தம்பி,
அம்புறோஸ்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது டொறத்தி வந்து, "ஆருக்கு இவ்வளவு நீளமாய் எழுதுறியள்?" என்றாள். சொன்னேன். "பெரிய மச்சாளுக்கோ? அவவுக்கு ஐப்பசியிலேயே தெரியுமே" என்கிறாள். டெல்சி போய்ச் சேர்ந்த கிழமையே உங்களுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டாளாம். தேவ அழைத்தல், நவநாள் எல்லாம் நீங்கள் என்னைச் சீண்டுவதற்கு எழுதியதாம். மதரோடு பிரெஞ்சு கதைப்பதும் அப்படித்தானாம். ஆக, நான் ஒருவன்தான் அந்த மடத்தில் சிஸ்டர்மாரை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். தை மாதம் நான் முகம் கறுத்துத் திரும்பியதையும் பிள்ளை உங்களுக்கு எழுதினாளாம். நேற்று நான் வேலைக்குப் போயிருந்த நேரம் மன்னார் கொம்யூனிக்கேசன் கடையில் இருந்து நீங்கள் ரெலிபோன் எடுத்து, ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்களாம்: "அம்புறோஸ் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தவனோ, விட்டிட்டு வந்தவனோ?" விட்டிட்டு வந்திட்டார் என்று டொறத்தி சொன்னாளாம். பிறகு, "என்னைப் பேராதனையிலை இருந்து ஐயா வந்து கூட்டிக்கொண்டு போனவர்" என்று சொல்லிவிட்டு ரெலிபோனை வைத்துவிட்டீர்களாம்.

நீங்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனதும், எங்கள் தகப்பனார் வந்து கூட்டிக்கொண்டு போனதும் எனக்குத் தெரியாது அக்கா. அப்போது எனக்கு ஐந்தாறு வயது இருக்கும். பெரியக்கா பள்ளிக்கூடம் முடித்து நேரே மடத்துக்குப் போனா என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும் என் பிள்ளைக்கு அப்படியே சொல்லி வந்தேன். என்ன படித்தீர்கள், எத்தனை நாள் இருந்தீர்கள், ஒன்றும் தெரியாது. எல்லாம் தெரிந்த ஆளுக்கு இந்தக் கடிதம் என்னத்துக்கு, கிழித்துப் போடுங்கள் என்கிறாள் டொறத்தி. நான் அனுப்பத்தான் போகிறேன். டொறத்தி சொல்லி நீங்கள் கேட்டது காணாது, என் கையாலும் எழுதியிருக்க வேண்டும்: நான் விட்டிட்டுத்தான் வந்தனான், அக்கா.